மணலே, கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தாய்?

பழங்காலத்து ஈமச்சின்னங்களான கொடுமணல் கல்வட்டங்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பாறை உருவாகிப் பல கோடி வருடம் ஆகிறது. அதைக் கொண்டுவந்து அடுக்கியது எப்போது என்று எப்படிச் சொல்கிறார்கள்?" நல்ல கேள்வி. கல்லிடம் கேட்டால் பதில் கிடைக்காது. அதற்கு அடியில் இருக்கும் மணலிடம்தான் கேட்க வேண்டும்.

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையில் இருக்கிறது. வட்டமாகப் பெருங்கற்கள், நடுவே கற்குவை, அதற்கும் கீழே பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டிபோல் செய்த கல்லறை, அதாவது கற்பதுக்கை. அதன் ஒரு பக்கக் கல்லில் இடுதுளை என்னும் வட்ட ஓட்டை. பாலை வழியில் அம்பு பட்டு விழுந்தவர்களைக் கல் குவித்து மூடியதைச் சங்கப் பாடல்களும் 'பதுக்கை' என்றே சொல்கின்றன. இங்கே ஒரே ஈமச்சின்னத்தில் 2,220 சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள் கிடைத்தன. அகழும்போது குவையை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, இடையில் மண்சுவரை விட்டுவைப்பார்கள். எந்த அடுக்கு முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்று அந்தச் சுவரில் படிக்கலாம்.

சரி, காலம்? கரியோ தானியமோ கிடைத்தால் கார்பன்-14 இருக்கிறது, அது பள்ளிப்பாடம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழியில் இருந்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று அப்படித்தான் தெரிந்தது. ஆனால் எல்லாக் குவையிலும் கரி இருக்காது. இருந்தாலும் எலி வளை வழியாகப் பின்னால் வந்ததாக இருக்கலாம். அங்கேதான் ஒளிர்வுக் காலக்கணிப்பு கைகொடுக்கிறது. மணலில் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் இந்த வழியை 1985இல் கனடாவில் டேவிட் ஹன்ட்லி குழுவினர் கண்டார்கள்.

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அந்தப் படிகத்துக்குள் அங்கங்கே சின்னச் சின்னக் குறைகள் உண்டு. சுற்றியுள்ள மண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எல்லாம் துளித்துளியாகக் கலந்திருக்கும். அவற்றின் கதிர்வீச்சு பட்டு, எலக்ட்ரான் தன் இடத்தைவிட்டுக் கிளம்பி இந்தக் குறைகளில் போய் மாட்டிக்கொள்ளும். இருட்டில் இருக்கும்வரை வெளியே வராது. வருடம் ஏற ஏற, மாட்டிக்கொண்டவற்றின் எண்ணிக்கையும் ஏறும். வெயில் பட்டாலோ, சில நிமிடங்களில் அத்தனையும் விடுபட்டுவிடும். கணக்கு மறுபடியும் பூஜ்யம்.

அன்றைக்குத் தரையைச் செதுக்கி ஒழுங்கு செய்தபோது இந்த மணல் வெயிலில் கிடந்தது. பிறகு நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய கல்லைப் புரட்டி மேலே வைத்தார்கள். அந்தக் கணம் முதல் கணக்கு ஓடுகிறது. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த மணலை வெயில் படாமல்தான் எடுக்க வேண்டும். மண்சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, இரண்டு முனையையும் மூடி எடுப்பார்கள். ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அமிலத்தால் மணலின் மேல்தோலைக் கரைத்துவிட்டு நீல ஒளியைப் பாய்ச்சுவார்கள். சிக்கியிருந்த எலக்ட்ரான்கள் விடுபடும்போது மணல் லேசாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புறஊதா ஒளியைக் கருவி எண்ணும். அப்புறம் அதே மணலுக்குத் தெரிந்த அளவு கதிர்வீச்சைக் கொடுத்து மறுபடி அளந்து ஒப்பிட்டால், மண்ணுக்குள் அது வாங்கிய மொத்தம் தெரியும். மொத்தம் 7.5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), மண் ஆயிரம் வருடத்துக்குக் கொடுப்பது 3 கிரே என்றால், வயது 2,500. மண்ணில் ஈரம் கூடினால் கதிர்வீச்சு குறையும். அதற்கும் கணக்கில் இடம் கொடுக்க வேண்டும். பானை ஓட்டுக்கும் இதே முறைதான். அங்கே கணக்கைப் பூஜ்யமாக்குவது சூளையின் சூடு.

இப்படிப்பட்ட ஆய்வகங்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும். அருங்காட்சியகம் கட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்கினால் நல்லது என்பது என் எண்ணம்.

பல ஊர்களில் இந்த ஈமச்சின்னங்களைப் பாண்டவர் குழி என்பார்கள். அடியில் புதையல் இருப்பதாகவும் நம்புவார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பானையும் இரும்பும் மணியும்தான். கடப்பாரையால் கல்லை நெம்பிப் போட்டால், அடியில் இருந்த மணல் ஒரே பகலில் வயதை இழந்துவிடும். உங்கள் காட்டில் ஒரு கல்வட்டம் இருந்தால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.