ஊதுவது எப்படி வார்ப்பாகும்?

'வெளியேற்ற ஊது வார்ப்பு'. இந்த வாரத்தில் மூன்றாம் முறையாக இதைப் படிக்கிறேன். பாட்டில், கேன் போன்ற உள்ளீடற்ற பிளாஸ்டிக் பொருள்களைச் செய்யும் எக்ஸ்ட்ரூஷன் புளோ மோல்டிங்குக்கு வைத்த பெயர். மூன்று சொல்லில் இரண்டு தவறு.

எக்ஸ்ட்ரூஷனின் இலத்தீன் வேருக்கு 'வெளியே தள்ளு' என்று பொருள். மொழிபெயர்ப்பாளர் 'வெளியே'யைப் பிடித்துக்கொண்டு 'தள்ளு'வைக் கைவிட்டார். புகையையும் கழிவையும் வெளியேற்றுவோம். இங்கே வெளியே வருவதுதானே நமக்கு வேண்டிய பொருள்! உருளைக்குள் சுழலும் திருகு, உருகிய பிளாஸ்டிக்கை முன்னே நெருக்க, டை எனும் உலோக வாயின் வளைய இடுக்கு வழியே அது குழலாக இறங்குகிறது. அமுக்கிய பற்பசை போலப் பிதுங்குகிறது. ஆகவே பிதுக்கல். 'பிழிதல்' என்போரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் துணியைப் பிழிந்தால் நீர் போய்த் துணி மிஞ்சும், அந்த நினைப்பு குறுக்கே வரும்.

பெரிய குற்றம் 'வார்ப்பு'. வார் என்றால் ஊற்று. உருகிய வெண்கலத்தை அச்சில் ஊற்றினால் அது வார்ப்பு. இங்கே யாரும் எதையும் ஊற்றவில்லை. தொங்கும் சூடான குழலை அச்சின் இரு பாதிகளும் கவ்வுகின்றன. அடிவாய் நசுங்கி ஒட்டிக்கொள்கிறது. உள்ளே காற்றைச் செலுத்த, குழல் உப்பி அச்சுச் சுவரில் படிந்து குளிர்கிறது. இப்படிச் செய்த ஷாம்பு பாட்டிலைக் கவிழ்த்தால் அடியில் தழும்புபோல் ஒரு கோடு தெரியும். அச்சு கடித்த இடம் அது. வார்த்த பொருளில் அந்தத் தழும்புக்கு வேலையே இல்லை.

'மோல்டிங் எல்லாவற்றுக்கும் வார்ப்பு என்றே நிலைத்துவிட்டது' என்கிறார்கள். அப்படியானால் உருக்கி ஊற்றும் காஸ்டிங்குக்கு என்ன சொல்வது? ஒரே பாடநூலில் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது மாணவன் எதைப் பிடித்துக்கொள்வான்? 'அச்சிடல்' என்றாலோ தாளும் மையும் வந்து நிற்கும். 'பிதுக்கி ஊதி உருவாக்கல்' என்பேன், சுருக்கமாக, ஊதுருவாக்கம்.

அந்தத் தொங்கும் குழலுக்குத் தொழிற்கூடத்தில் பாரிசன் என்று பெயர். கண்ணாடி ஊதுவோரிடமிருந்து வந்த சொல். அதை ஒருவர் 'ஊதுகுழல்' என்று எழுதியிருந்தார். ஊதுகுழல் நாம் வாய் வைத்து ஊதும் கருவி. இதுவோ ஊதப்படும் பொருள். குழைந்த நிலையில் தொங்குவதால் 'குழைகுழல்' என்று நான் எழுதுகிறேன். பெயர் வைக்குமுன் ஒரு முறை எந்திரத்தின் அருகே நின்று பார்த்திருக்கலாமே?