"புள்ளி போயிடுச்சு தம்பி": புது மீன் வாங்குகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்குப் போன். அந்த நேரத்தில் எனக்குப் போன் வந்தால் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ராத்திரி கரண்ட் போயிருக்கும். இல்லையென்றால் சமீபத்தில் வீட்டு மீன் தொட்டியில் புது மீன் விட்டிருப்பார்கள். அன்று சென்னையில் எங்கேயும் கரண்ட் போகவில்லை.

போன் செய்தவர் வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஐந்தடி மரைன் டேங்க்கை (கடல் மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) மூன்று வருஷமாக நான்தான் பராமரிக்கிறேன். மீன்கள் என்று பார்த்தால் ஒரு ஜோடி க்ளவுன், ஒரு யெல்லோ டேங், ஒரு ராயல் கிராமா, இரண்டு க்ரோமிஸ். கூடவே இறால், நத்தை. மூன்று வருஷத்தில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு ப்ளூ டேங் வாங்கி வந்திருக்கிறார். பையை இருபது நிமிஷம் மிதக்கவிட்டார், மீனை விட்டார், கேக் வெட்டினார்கள். பையில் இருந்த தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது.

நான்காம் நாள் புது மீனின் துடுப்பில் உப்புக் கல் ஒட்டியது போல ஐந்தாறு புள்ளிகள். கடையில் கேட்டிருக்கிறார். "பூண்டுச் சாறில் தீனியை ஊற வைத்துப் போடுங்க சார்" என்றார்களாம். ஏழாம் நாள்தான் எனக்குச் சொன்னார், அதுவும் சந்தோஷமாக: "புள்ளி போயிடுச்சு தம்பி!"

"சார், எல்லா மீனையும் இன்றைக்கே வெளியே எடுத்துவிடலாம், நான் வருகிறேன்" என்றேன். சிரித்தார். "போயிடுச்சுங்கறேன், நீங்க வேற!"

அந்த ஞாயிறு பன்னிரண்டாம் நாள். நான் போனபோது ப்ளூ டேங் செத்து, தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ சீப்பில் ஒட்டிக் கிடந்தது. யெல்லோ டேங் மணலில் பக்கவாட்டில் படுத்துச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க ரவையைத் தூவியது போல. சாயங்காலத்துக்குள் அதுவும் போனது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு க்ளவுன்.

14 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதே கதையை இந்த வருஷம் மட்டும் ஐந்தாவது வீட்டில் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபம் தெரிந்தால் மன்னிக்கவும்.

புள்ளி ஏன் போகிறது என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதற்குமேல் யாராவது என்னிடம் "போயிடுச்சு" என்றால் இந்தப் பக்கத்தைத்தான் அனுப்புவேன்.

அந்தப் புள்ளி கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள்ளும் செவுளிலும் இருந்துகொண்டு மூன்று முதல் ஏழு நாள் சாப்பிடும். வயிறு நிறைந்ததும், நீங்கள் மருந்து போட்டாலும் போடாவிட்டாலும், பூண்டு போட்டாலும் போடாவிட்டாலும், தானாகவே கழன்று விழும். விழுந்து மணலிலும் பாறையிலும் ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இருநூறு வரை பெருகும். சில கூடுகள் மூன்றே நாளில் திறக்கும், சில மூன்று நான்கு வாரம் எடுக்கும். ஆய்வகத்தில் 72 நாள் கழித்துத் திறந்த கூட்டையும் பார்த்திருக்கிறார்கள். வெளியே வந்த குஞ்சு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். கடலில் பெரும்பாலானவை அப்படித்தான் சாகின்றன. உங்கள் டேங்க்கில் மீன் எங்கே ஓடிப்போகும்?

ஆக, புள்ளி போனது என்றால் நோய் போனது இல்லை. முதல் பந்தியில் சாப்பிட்டவன் ஊரைக் கூட்டி வரப் போயிருக்கிறான். அடுத்த பந்தி உட்காரப்போகிறது. இடையில் அந்த நாலைந்து நாள் மீன் பளபளவென்று இருக்கும், நன்றாகச் சாப்பிடும். அந்த நாலைந்து நாளில்தான் பூண்டுக்கும், கண்ட பாட்டிலுக்கும், க்ளீனர் இறாலுக்கும் நல்ல பெயர் கிடைக்கிறது. இந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருப்பது. இறால் அதைப் பொறுக்கித் தின்று குணப்படுத்தும் என்று நம்பி யாரும் இறால் வாங்க வேண்டாம். அழகாக இருக்கிறது என்று வாங்குங்கள், அது வேறு விஷயம்.

இன்னொரு வசனம்: "இது எல்லா டேங்க்கிலும் இருக்கும் ப்ரோ, ஸ்ட்ரெஸ் ஆனா வெளியே வரும்." இல்லை. இது காற்றில் பறந்து வருகிற தூசி இல்லை. மீன் இல்லாமல் அதற்குப் பிழைப்பே கிடையாது. ஏதோ ஒரு பையில்தான் உங்கள் வீட்டுக்கு வந்தது. மீனோடு, அல்லது வேறொரு மீன் தொட்டியில் இருந்த பாறை, நத்தை ஓடு, ஈர வலையோடு. ஒன்று மட்டும் உண்மை: ஒருமுறை வந்து பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். செவுளுக்குள் நாலைந்து ஒட்டுண்ணியை வைத்துக்கொண்டு வெளியே சுத்தமாகத் திரியும். பிறகு வருகிற புது மீன் நாலு நாளில் வெள்ளையாகிவிடும். பழி புது மீன் மேல், குற்றவாளி பழைய மீன். இதையும் பார்த்திருக்கிறேன்.

"கடையில் பத்து நாளா பார்த்துட்டுத்தான் சார் வாங்கினேன், சுத்தமா இருந்துச்சு." இருந்திருக்கும். கடைகளில் பெரும்பாலும் பத்து இருபது தொட்டிகளுக்கு ஒரே சம்ப் (தண்ணீர் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும் கீழ்த்தொட்டி). ஒரு தொட்டியில் இருப்பது எல்லாத் தொட்டியிலும் இருக்கும். பல இடங்களில் உப்புச் செறிவைக் குறைத்து வைப்பார்கள், கொஞ்சம் காப்பரும் (ஒட்டுண்ணிக்கான செம்பு மருந்து) ஓட விடுவார்கள். உப்புச் செலவு மிச்சம், மீனும் சாகாது. நோயைக் கொல்ல அது போதாது. அடக்கி வைக்கப் போதும். அந்த மீன் காப்பர் இல்லாத உங்கள் தண்ணீருக்கு வந்ததும் ஒரு வாரத்தில் புள்ளி பூக்கிறது. கடைக்காரரைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவர் தொழில் மீனை விற்கும்வரை உயிரோடு வைத்திருப்பது. அதற்கப்புறம் உங்கள் பொறுப்பு. "வளர்ப்பு க்ளவுன்தானே" என்பதும் அதே கதைதான். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சாகவே இருக்கட்டும், கடைக்கு வந்து அந்தச் சம்ப் தண்ணீரைக் குடித்த பிறகு பிறந்த இடம் உதவாது.

சரி, என்ன செய்வது? தனித் தொட்டி. வேறு வழி கிடையாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஐம்பது லிட்டர் பிடிக்கும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம் (இரண்டும் காப்பரை உறிஞ்சும்). மீன் ஒளிய ஹார்டுவேர் கடையில் பிவிசி எல்போ நாலு வாங்கிப் போடுங்கள். ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டரை ஒரு மாதம் முன்பே பெரிய டேங்க்கின் சம்ப்பில் போட்டு வைத்து, மீன் வாங்கும் அன்று எடுத்து மாட்டுங்கள். மேலே கொசுவலை கட்டுங்கள், குதிக்கும். பாட்டரி ஏர் பம்ப் ஒன்று. இதெல்லாம் சேர்த்து ஒரு நடுத்தர டேங் மீனின் விலைகூட ஆகாது. "இடமில்லை" என்று சொல்லாதீர்கள். ஒரு மாதத்துக்குப் பால்கனி கதவோரம் ஒரு ஸ்டூல் போட இடமிருக்கும்.

வாங்கும்போது உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை வாங்காதீர்கள். "வீட்டுக்குப் போனா சாப்பிடும்" என்பது கடையில் மட்டும் சொல்லப்படும் வாக்கியம். நெற்றியும் வயிறும் ஒட்டியிருந்தால் வேண்டாம். ஒரு நிமிஷம் வாட்சைப் பார்த்துச் செவுள் அசைவை எண்ணுங்கள். பக்கத்துத் தொட்டி மீன்களைவிட வேகமாக அடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். புள்ளியே இல்லாமல் மூச்சு மட்டும் வாங்கினால் அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோயாகவும் இருக்கலாம். அது கிரிப்டோ போல ஒரு வாரம் அவகாசம் தராது, இரண்டு மூன்று நாளில் தொட்டியைக் காலி செய்யும்.

பையின் தண்ணீரை முதலில் உப்புச் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். 1.019 காட்டினால் தனித் தொட்டியையும் 1.019-இல் வைத்து மீனை விட்டுவிட்டு, நாளுக்கு 0.002 வீதம் 1.025 வரை ஏற்றுங்கள். இறங்குவது மீனுக்குச் சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். வெளியூரிலிருந்து முப்பது மணி நேரம் பையிலேயே வந்த மீன் என்றால், பையைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் வேலையே வேண்டாம். பை மூடியிருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடு பிஹெச்சை (தண்ணீரின் அமில-கார அளவு) இறக்கி வைத்திருக்கும், மீன் கழிவில் வரும் அம்மோனியா பல்லில்லாமல் இருக்கும். திறந்ததும் பிஹெச் ஏறும், அம்மோனியாவுக்குப் பல் முளைக்கும். வெப்பத்தைச் சமப்படுத்துங்கள், திறங்கள், உடனே மீனை மாற்றுங்கள். பைத் தண்ணீர் வாஷ்பேசினுக்கு.

அப்புறம் காப்பர். ஒரு வேண்டுகோள்: விவசாயக் கடையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கிக் கண்ணளவாகப் போடாதீர்கள். ஒருவர் போட்டார். பெரிய டேங்க்கில். இறால், நத்தை எல்லாம் அன்றைக்கே போயிற்று, பாறைகளை இன்றுவரை பயன்படுத்த முடியவில்லை. மீன் வைத்தியத்துக்கான பாட்டிலை வாங்குங்கள், அளக்கும் கருவியும் வாங்குங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும்: ஒரு வகைக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், இன்னொரு வகைக்கு 2.5. ஐந்து மடங்கு! இதன் எண்ணை அதற்குப் போட்டால் மீன் விறைத்துப் போகும். மூன்று நாலு நாளில் மெல்ல ஏற்றி, 30 நாள் இறங்காமல் வைத்திருங்கள். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது. அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். மாண்டரின், க்ளீனர் ராஸ் போன்ற மீன்களுக்குக் காப்பர் ஆகாது. அவற்றை வாங்கும்முன் என்னையோ வேறு யாரையோ கேளுங்கள். மாண்டரினை வாங்காமலே விட்டால் இன்னும் நல்லது, பல பட்டினியில்தான் சாகின்றன.

தோல் புழுவை மறந்துவிடுவார்கள். கண்ணாடி போல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மாதம் முன்பு "ரொம்பச் சுத்தமான மீன்" என்று ஒருவர் காட்டிய ஏஞ்சல் மீனை வெள்ளை வாளியில் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீருக்குள் இறக்கினேன். அதே வெப்பம், ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஏர் ஸ்டோன். இரண்டாவது நிமிஷம் கண்ணில் ஒட்டியிருந்தது ஒன்று பால் நிறமாக மாறியது. ஐந்து நிமிஷத்தில் வாளியின் அடியில் உமி நீக்கிய எள்ளைச் சிந்தியது போலக் கிடந்தது. எண்ணத் தொடங்கி முப்பதில் நிறுத்திவிட்டேன். அந்தக் கண்ணோடுதான் அது கடையில் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. குளியல் முடிந்த பிறகு பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து இரண்டு முறை, ஒரு வார இடைவெளியில்.

ஒரு மாதம் முடிந்து பெரிய டேங்க்குக்கு மாற்றும்போது சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஏற்கெனவே டேங் இருந்தால் புதியதை ஒரு ஓட்டைப் பெட்டிக்குள் நாலைந்து நாள் வைத்துப் பழக்குங்கள். அதன் வால் பக்கம் இருக்கும் முள் பிளேடுதான்.

அந்த ஐந்தடி டேங்க்கில் இப்போது மீன் கிடையாது. இறாலும் நத்தையும் மட்டும். கடைசிக் கூடும் திறந்து குஞ்சு சாகும்வரை, 76 நாள் அப்படியே ஓட வேண்டும். மிஞ்சிய க்ளவுன் அவர் வீட்டுக் குளியலறையில் நீல நிறத் தொட்டிக்குள் காப்பரில் 30 நாளை முடித்துவிட்டு, எல்போவுக்குள் படுத்துக் காத்திருக்கிறது. பேத்தி தினமும் அங்கே போய்ப் பார்க்கிறாளாம். பெரிய டேங்க்கில் நனைத்த கையை அந்தத் தொட்டியில் வைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தாத்தாவைவிட அவள்தான் ஒழுங்காகக் கேட்கிறாள்.

நேற்று சார் போன் செய்தார். "தம்பி, 41 நாள் ஆச்சு. ஒரு புள்ளிகூட இல்லை. விட்டுடலாமா?"

இன்னும் 35 நாள் சார்.