மலிவு விலை யானை வேட்டை: முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் வேட்டையாடப்பட்ட விலங்குகளின் தோல், கொம்பு, தந்தம் போன்றவற்றைச் சட்டப்படி வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்கான ஆவணங்களைத் தயாரிப்பது என் தொழில். ஜிம்பாப்வே, நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் உரிமத்தோடு யானை வேட்டை இன்றும் நடக்கிறது என்பதே நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அது சரியா தவறா என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு என்றாலும், என் மேசைக்குக் காகிதம் வரும்போது அந்த யானை இறந்து பல வாரங்கள் ஆகியிருக்கும் என்பதால், அந்த விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய நம்மவர் சிலர் அண்மைக் காலமாக ‘குறைந்த செலவில் யானை வேட்டை’ என்ற விளம்பரங்களை அனுப்பி, இது நம்பத்தகுந்ததா என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதியவற்றையே இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

நேர்மையான மலிவு வேட்டை என்பது பெரும்பாலும் ஒரே வகைதான்: தந்தத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்று முதலிலேயே சொல்லி விற்கப்படும் வேட்டை. தந்தமும் உண்டு, விலையும் பாதி என்று ஒருவர் சொன்னால், அவர் எதையோ சொல்லாமல் விடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

காரணம் ஒதுக்கீடு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ் ஒவ்வொரு நாடும் ஓராண்டில் எத்தனை யானைகளின் தந்தங்களை வேட்டைப் பொருளாக ஏற்றுமதி செய்யலாம் என்பதை அறிவிக்கிறது. ஜிம்பாப்வே பல ஆண்டுகளாக அறிவித்து வந்திருப்பது 500 யானைகள், அதாவது 1,000 தந்தங்கள். நமீபியா அறிவித்து வந்தது 90 யானைகள், தென்னாப்பிரிக்கா 150. இந்த எண்ணிக்கை முதலில் வேட்டைப் பகுதிகளுக்கும், பிறகு அப்பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனங்களுக்கும் பிரிந்து போகிறது. ஆகவே ஒரு நிறுவனத்தின் கையில் ஓர் ஆண்டுக்கு இருக்கும் ஏற்றுமதிக்குரிய யானைகளைப் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை யாரும் தள்ளுபடியில் விற்பதில்லை.

போட்ஸ்வானாவின் கணக்கு இதைவிடத் தெளிவானது. 2014-இல் வேட்டையைத் தடை செய்த அந்நாடு 2019-இல் தடையை நீக்கி, 2020 பிப்ரவரியில் முதல் ஏலத்தை நடத்தியது. பத்து யானைகள் கொண்ட ஏழு தொகுப்புகளில் ஆறு விற்று, அரசுக்கு ஏறத்தாழ 2.57 கோடி புலா (அந்நாட்டு நாணயம்) கிடைத்தது. வகுத்துப் பார்த்தால், ஒரு யானைக்கு 4 லட்சம் புலாவுக்கு மேல், அன்றைய மதிப்பில் சுமார் 38,000 டாலர். முகாம், வண்டி, எரிபொருள், தடம் பார்ப்பவர்களின் கூலி எதுவும் சேராமல், உரிமத்துக்கு மட்டும் நிறுவனம் கொடுத்த தொகை இது. இதற்குக் கீழே ஒருவர் போட்ஸ்வானா கொம்பனை (தந்தமுள்ள ஆண் யானையை) விற்கிறார் என்றால், நட்டத்துக்கு விற்கிறார் அல்லது அவரிடம் யானையே இல்லை.

இனி மலிவான வகைக்கு வருவோம். நம் ஊர்ப் பிடிகளுக்கு, அதாவது பெண் யானைகளுக்கு, தந்தம் வெளியே தெரிவதில்லை. ஆப்பிரிக்க யானைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத் தந்தம் உண்டு. பிறவியிலேயே தந்தமில்லாத பிடிகளும் அங்கே ஓரளவு இருக்கின்றன. ஜிம்பாப்வேயில், குறிப்பாகச் சாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய பகுதிகளில், இவற்றுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஏற்றுமதி செய்யத் தந்தம் இல்லாததால், இந்த வேட்டையின் விலை ஏற்றுமதிக்குரிய கொம்பன் வேட்டையின் விலையில் பாதிக்கும் கீழே இருப்பது வழக்கம். தந்தமிருந்தும் அது அந்நாட்டிலேயே தங்கிவிடும் வேட்டைகளும், ஊருக்குள் வந்து பயிரை அழிக்கும் யானையைச் சுட அதிகாரிகள் தரும் அனுமதியின்பேரில் நடக்கும் வேட்டைகளும் இதே விலை வரிசையில் வரும். கடைசி வகையை முன்கூட்டியே நாள் குறித்து விற்பவரிடம் எச்சரிக்கை தேவை. எந்த யானை எந்த வாரம் எந்தச் சோளக்காட்டில் இறங்கும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே யாருக்கும் தெரியாது.

தந்தமில்லாப் பிடி வேட்டை விலையில்தான் மலிவு, ஆபத்தில் அல்ல. கொம்பன் பெரும்பாலும் தனியாகவோ இரண்டு மூன்று துணைகளோடோ நிற்கும்; பிடியோ குட்டிகளும் தமக்கைகளும் சூழ்ந்த கூட்டத்தின் நடுவில் நிற்கும். அதற்கு உண்மையிலேயே இருபுறமும் தந்தம் இல்லையா, காலடியில் குட்டி நிற்கிறதா என்பதையெல்லாம் மோப்பனே மரப் புதர்களுக்குள் மிக நெருங்கிப் போய்ப் பார்த்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் சுட்டால், விழுந்த பிறகு மறுபக்கம் ஒரு தந்தம் இருக்கும். அது உரிமத்தை மீறிய குற்றம். ஆகவே இங்கே பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத ஓர் இடம் உண்டு என்றால், அது வழிகாட்டியின் தகுதி. ஜிம்பாப்வேயின் தொழில்முறை வேட்டை வழிகாட்டி உரிமம் எழுத்துத் தேர்வு, பயிற்சிக் காலம், களத் தேர்வு என்று நீண்ட வழியில் கிடைப்பது. பயிற்சி உரிமம் மட்டும் வைத்திருப்பவரை அனுப்பிச் செலவைக் குறைக்கும் முகவர்கள் இருக்கிறார்கள் என்பதால், யானையிடம் உங்களை அழைத்துப் போகிறவரின் முழு உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டியதில்லை.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது தினக் கட்டணத்தையும் சுடும் விலங்குக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். ஒரு நாளுக்கு இவ்வளவு என்ற தொகை கவர்ச்சியாக இருக்கும். குறைந்தது பத்து நாள் என்ற நிபந்தனை அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அரசு வரி, சிறு விமானம், துப்பாக்கி அனுமதி, பதப்படுத்திப் பெட்டி கட்டும் செலவு ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கும். காயம்பட்டுத் தப்பிய யானைக்கும் முழுக் கட்டணம் உண்டு. இரத்தம் சிந்தினாலே ஒதுக்கீட்டில் ஒன்று கழிந்தது என்பதே நடைமுறை. அதில் எனக்கு முழு உடன்பாடுதான்.

அடுத்தது இடம். தேசியப் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. அதை ஒட்டிய வேட்டைப் பகுதிகளிலும், ஊர் மக்களின் நிலங்களிலும், தனியார் நிலங்களிலும்தான் நடக்கும். 2015 ஜூலையில் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டபோது, அந்த நிலத்துக்குச் சிங்க ஒதுக்கீடே இல்லை என்று ஜிம்பாப்வே அதிகாரிகள் அறிவித்தார்கள். பணம் கொடுத்து வந்த அமெரிக்கரின் தாள்கள் சரியாகவே இருந்தன என்று அரசு பின்னர் சொல்லி, அவர்மீது வழக்குத் தொடரவில்லை. அதற்குள் அவர் பெயர் உலகெங்கும் சந்தி சிரித்துவிட்டது. போட்ஸ்வானாவில் 2019 இறுதியில், ஆய்வுக்காகக் கழுத்துப்பட்டை மாட்டப்பட்டிருந்த யானையைச் சுட்டுவிட்டு அந்தப் பட்டையை அழித்துத் தடயத்தை மறைக்க முயன்ற இரண்டு வழிகாட்டிகள் உரிமத்தை இழந்தார்கள்.

ஏற்றுமதிக்குரிய தந்தம் எங்கள் கிடங்குக்கு வந்ததும் முதலில் நாங்கள் பார்ப்பது அதன் நீளத்தையோ பருமனையோ அல்ல, உதட்டுக்கோட்டைத்தான். யானையின் உதடு தந்தத்தைத் தொட்ட இடத்தில் நிறம் மாறும் அந்த வளையத்தருகே, நாட்டின் ஈரெழுத்துக் குறி, வரிசை எண், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், கிலோவில் எடை ஆகியவை எழுத்து அச்சால் அடித்து அழியாதபடி பதிக்கப்பட்டு, அந்த இடம் வண்ணம் பூசிக் காட்டப்பட்டிருக்க வேண்டும். அழியக்கூடிய மையால் எழுதியது செல்லாது. பதித்த எடைக்கும் எங்கள் தராசுக்கும் பொருந்தாவிட்டால், அல்லது அனுமதித் தாளில் ஓர் இலக்கம் பிசகியிருந்தால், பெட்டி நகராது. ஏற்றுமதி அனுமதி ஆறு மாதத்துக்கே செல்லும். திருத்தம் கேட்டு எழுதிக் காத்திருக்கும் காலத்திலேயே அது காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கிய பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். கிடங்கு வாடகையைக் கட்டுவது வாடிக்கையாளர்தான். எமிரேட்ஸின் சரக்குப் பிரிவு 2015 மே மாதத்திலிருந்து யானை வேட்டைப் பொருள்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. வேறு சில நிறுவனங்களும் அதே ஆண்டில் சேர்ந்துகொண்டன. எனவே மலிவான வான்வழி என்று முகவர் காட்டும் தொகை நடைமுறைக்கு வராமல் போகலாம்.

புறப்படும் நாடு அனுமதித்தால் போதாது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோக அந்நாட்டின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். 2016 விதிப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு யானைகள் என்பது உச்சவரம்பு. 2014 ஏப்ரலில் ஜிம்பாப்வே யானைப் பொருள்களின் இறக்குமதியை அமெரிக்கா திடீரென நிறுத்தியதால், அந்த வேட்டைப் பருவத்துக்கு முழுப்பணம் கட்டியிருந்தவர்கள் தவித்தார்கள். அத்தகைய தடை வந்தால் பணம் திரும்புமா, வேறு நாட்டுக்கு மாற்றித் தரப்படுமா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தியாவைப் பொறுத்தவரை, 1991 சட்டத் திருத்தம் இறக்குமதித் தந்தத்தின் வணிகத்தையும் தடை செய்துவிட்டது. சொந்த வீட்டில் வைப்பதற்கு என்று சொன்னாலும், இந்தியாவுக்குப் போகும் தந்தப் பெட்டியை எங்கள் அலுவலகம் ஏற்பதில்லை.

முன்பணம் பெரும்பாலும் மொத்தத்தில் பாதி. முகவர் என்பவர் வேறு, ஒதுக்கீட்டை வைத்திருக்கும் நிறுவனம் வேறு. ஒரே யானையை இரண்டு முகவர்கள் இரண்டு பேருக்கு விற்பது இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. நடப்பு ஆண்டின் ஒதுக்கீட்டுக் கடிதத்தின் நகலை நிறுவனத்திடமிருந்தே பெற்று, அதிலுள்ள பகுதியின் பெயர், யானையின் வகை, ஏற்றுமதிக்குரியதா இல்லையா என்ற குறிப்பு ஆகிய மூன்றும் உங்கள் ஒப்பந்தத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தை அனுப்புங்கள்.