கொயர் என்றால் இசைக்குழுவா?

பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி பற்றிய ஒரு தமிழாக்கத்தில், ‘நான்காம் பகுதியில் இசைக்குழுவும் சேர்ந்துகொள்கிறது’ என்று இருந்தது. அப்படியானால் முதல் மூன்று பகுதிகளையும் வாசித்தது யாராம்?

மூலத்தில் இருந்த சொல் கொயர், அதாவது சேர்ந்து பாடும் கூட்டம். 1824இல் வியன்னாவில் அரங்கேறிய அந்தச் சிம்பொனியின் புதுமையே, கடைசிப் பகுதியில் தனிப்பாடகர் நால்வரும் பெரிய பாடகர் கூட்டமும் வாய் திறப்பதுதான். பாடும் கொயர், கருவிகள் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா இரண்டையும் ‘இசைக்குழு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அந்தப் புதுமை எங்கே தெரியும்? அகராதியில் முதலில் கண்ட சொல்லைத் தூக்கிப்போட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

கிரேக்கத்தில் கொரோஸ் என்பது ஆடிப் பாடும் கூட்டம். லத்தீனில் அது கோரஸ். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது கொயர். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிறப்புக் கதை இவ்வளவு போதும்.

கோரஸ் என்றே எழுதிவிடலாமே என்பார்கள். தமிழில் அந்தச் சொல் எப்போதோ தேய்ந்துவிட்டது. முன்னணிப் பாடகருக்குப் பின்னால் ‘ஆ... ஓ...’ போடுபவர்கள் கோரஸ். தலைவர் சொன்னதை எல்லாரும் திருப்பிச் சொன்னால் அதுவும் கோரஸ். கொயரில் பின்பாட்டு ஆள் என்று யாரும் இல்லை.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘பல்குரலிசை’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அது பல மெட்டுகள் ஒரே நேரத்தில் பின்னிச் செல்லும் பாலிஃபொனிக்குப் பொருந்தும். பழைய கத்தோலிக்கத் தேவாலயப் பாட்டான கிரெகோரியன் கீதத்தில் எத்தனை பேர் பாடினாலும் மெட்டு ஒன்றே. அதைப் பாடுவதும் கொயர்தானே? ‘குழுப்பாடல்’ நேர்மாறு. எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவதைத்தான் அது நினைவூட்டுகிறது. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று குரல்வகைகள் தனித்தனி வழியில் போய்க் கூடுவது அதில் அடங்காது.

சேர்ந்திசை என்ற சொல் ஒரே மெட்டு, பல வழிகள் இரண்டுக்கும் இடம் தருகிறது. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் பாடகர்களைத் திரட்டிப் பயிற்றுவித்த காலத்திலிருந்தே புழங்கும் சொல்தான் இது. புதிதாக ஒன்றைச் செதுக்கத் தேவையே இல்லை. தவிர, தமிழில் இசைதல் என்றால் இணங்குதலும்தான். பயிற்சியில் நடப்பது அதுவே. நீண்ட சுரம் ஒன்றை அறுபடாமல் பிடிக்க வேண்டுமானால், பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்கக் கூடாது. அவர் முடித்ததும், ஓசைப்படாமல் விலகி, மூச்செடுத்து, தணிந்த குரலில் மறுபடி நுழைய வேண்டும். சொல்லிக்கொடுப்பவரின் உயிரை வாங்கும் வேலை இது. தனிக்கச்சேரியில் ஒருவருடைய வித்தையை ரசிக்கிறோம். இங்கே எது யார் குரல் என்று பிரிக்க முடியாததுதான் கேட்பவருக்குச் சுகம்.

ஆகவே இசை வகை சேர்ந்திசை, பாடுவோர் சேர்ந்திசைக் குழு. ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பல்லியம் என்ற பழஞ்சொல் இருக்கிறது. அப்புறம், முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் கண்டக்டர். ‘நடத்துநர்’ என்று எழுதினால் கையில் பயணச்சீட்டோடு வந்து நிற்கிறார். நான் நெறியாளர் என்று எழுதுகிறேன். அந்தச் சொல்லைத் தொலைக்காட்சி விவாதக்காரர்கள் எடுத்துக்கொண்டார்களே என்று நண்பர் ஒருவர் இப்போதே சண்டைக்கு நிற்கிறார்.