ஜன்னல் வெயிலில் யூவிபி கிடையாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது கேஸ். ஷூ டப்பாவுக்குள் துண்டு விரித்து, மூடியில் நாலு ஓட்டை போட்டு ஒரு தம்பி கொண்டுவந்திருந்தார். ஏமன் பச்சோந்தி, ஐந்து மாதக் குட்டி. மேஜையில் விட்டால் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்திருக்கின்றன, முழங்கையை ஊன்றித் தவழ்கிறது. விரலை நீட்டினேன், பற்றப் பார்த்தது, பிடியில் வலு இல்லை. கீழ்த்தாடையை லேசாகத் தொட்டால் ரப்பர் மாதிரி வளைகிறது. எக்ஸ்ரேயில் எலும்பைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு மங்கல்.

"வெயில் காட்டுவதில்லையா?"

"தினமும் காட்டுறேன் டாக்டர். தொட்டி ஜன்னல் பக்கத்துலதான் இருக்கு, காலைல சுள்ளுனு அடிக்கும்."

ஜன்னல் கண்ணாடி. தொட்டியும் கண்ணாடி.

இதை எத்தனை முறை சொல்வது என்று அலுப்பாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், யூவிபி என்கிற, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுக்க நிறுத்திவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது 400 நானோமீட்டருக்கு மேலே. யூவிபி 280 முதல் 315 வரை. அதனால் பளிச்சென்று இருக்கிறது, கை வைத்தால் சுடுகிறது, அப்புறம் எப்படி டாக்டர் இல்லை என்கிறீர்கள் என்று சண்டைக்கு வராதீர்கள். பளிச்சும் சூடும் வேறு சங்கதி. அக்ரிலிக் மூடி, பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் இதே கதைதான். நெருக்கமான கம்பி வலைகூட மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும், அதையும் கணக்கில் வைத்துத்தான் விளக்கை மாட்ட வேண்டும்.

கால்சியம் பொடி தூவித்தானே பூச்சி கொடுக்கிறோம் என்பார்கள். யூவிபி தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இல்லாவிட்டால் அந்தப் பொடி எலும்பில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். டி3 சேர்த்த பொடியை அளவில்லாமல் அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு, அது சிறுநீரகத்தில் கொண்டுபோய் விடும்.

இன்னொரு கூட்டம் ஊதா நிறத்தில் எரிவதெல்லாம் யூவிபி என்று நம்புகிறது. கொசு விளக்கில் வருவது யூவிஏ, புற ஊதாவில் வேறு வகை. கொரோனா சமயத்தில் வாங்கிய கிருமி நீக்கி டியூபில் வருவது யூவிசி, அது கண்ணையும் தோலையும் பொசுக்கும். அதைக் கூண்டில் மாட்டி, இரண்டு கண்ணும் வீங்கி மூடிய பச்சோந்தியோடு ஒருவர் வந்தார். பச்சோந்தி பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், காரணம் எதுவானாலும் அன்றே டாக்டரிடம் வாருங்கள். சாதாரண எல்ஈடியில் யூவிபி வராது, செடி வளர்க்கிற எல்ஈடியிலும் பொதுவாக வராது.

வாங்க வேண்டியது பச்சோந்தி மாதிரி ஊர்வனவற்றுக்கென்றே விற்கிற நீளமான டி5 ஹெச்ஓ யூவிபி டியூப், பெட்டியில் 5.0 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருக்கும். சுருள் வடிவ சின்ன பல்பு விலை குறைவுதான், ஆனால் அதற்கு நேர் கீழே ஒரு கையகல இடத்துக்கு மட்டும்தான் யூவிபி கிடைக்கும். வலைக்கு மேலே டியூப், அதிலிருந்து 20, 25 சென்டிமீட்டர் கீழே பச்சோந்தி வெயில் காய்கிற கிளை, பக்கத்திலேயே ஒதுங்க இலை மறைவு. பகலில் 12 மணி நேரம், டைமர் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை டியூபை மாற்றுங்கள். "இன்னும் நல்லா எரியுதே டாக்டர்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், எரிவது வேறு, யூவிபி வருவது வேறு.

சூட்டு பல்பு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. குளிர் நாட்டுக்காரர் வீடியோ பார்த்துவிட்டு, சென்னை மே மாதத்தில் 100 வாட் போட்டு விடுகிறார்கள். வளர்ந்த ஏமன் பச்சோந்திக்குக் கிளையில் 29 முதல் 32 டிகிரி போதும், குட்டிக்கு இன்னும் குறைவு. உங்கள் அறையே 34 இருக்கும்போது அந்த பல்பு எதற்கு? உடம்பு வெளிறி, வாயைப் பிளந்துகொண்டு இருந்தால் அது கொட்டாவி இல்லை, சூடு தாங்கவில்லை. மார்கழிக் காலையில், இல்லை ஊட்டி, கொடைக்கானலில் இருக்கிறீர்கள் என்றால் சரி, 40 வாட் குண்டு பல்பு, வலைக்கு வெளியே, கீழே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு. உள்ளே தொங்கவிட்டால் முதுகு வெந்தாலும் நகராமல் உட்கார்ந்திருக்கும், அப்படி வெந்த முதுகுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். ராத்திரியில் சிவப்பு பல்பு உட்பட எதுவும் வேண்டாம். அதற்கு இருட்டும் குளிர்ச்சியும்தான் தூக்கம்.

வெயில் நமக்குச் சும்மா கிடைக்கிறது. வாரத்தில் மூன்று நாலு நாள், காலை எட்டு மணி வாக்கில் அரை மணி நேரம், கம்பி வலைக் கூண்டில் மாடியில் வையுங்கள். பாதிக் கூண்டுக்கு நிழல், இலையில் தெளித்த தண்ணீர், பக்கத்தில் நீங்கள். காக்காயும் பூனையும் காத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் அது அடுப்பு.

(தோட்டத்தில் பிடித்த நம்மூர் பச்சோந்தியைத் தூக்கிக்கொண்டு இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு: 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்க்கவே கூடாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டு வகை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தாயிற்றா என்று பாருங்கள்.)

அந்தக் குட்டிக்குக் கால்சியம் சிரப் ஆரம்பித்திருக்கிறேன். பிடி திரும்பலாம், தாடை இறுகலாம், வளைந்த கால் வளைந்ததுதான். டியூப் பெயரை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன். வாசல் வரை போன தம்பி திரும்பி வந்து, "அப்ப அந்தத் தொட்டியை என்ன டாக்டர் பண்றது?" என்றார்.

மீன் விடச் சொன்னேன்.