மூன்றடி உயரத்தில் ஒரு பொதுக்கூட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் என்னிடம் வந்தார். சிறுமியின் கழுத்தில் கட்சித் துண்டு கிடந்தது. கன்னத்தில் வரைந்திருந்த கொடி வியர்வையில் கரைந்து தாடைவரை இறங்கியிருந்தது. காலை எட்டு மணிக்கு ஊர்க்காரர்களோடு வேனில் கிளம்பி, பதினொரு மணிக்கு மைதானத்தை அடைந்து, மாலை ஆறரை மணிக்குத் தலைவர் பேசி முடிக்கும்வரை இருந்துவிட்டுத் திரும்பும் வழியில் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறாள். உதடு காய்ந்து கண் குழிவிழுந்திருந்தது. ஊசி குத்தியபோது அழுதாள், கண்ணீர் வரவில்லை. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்று கேட்டேன். "காலையில வேன் ஏறுறதுக்கு முன்னாடி போனதுதான் மேடம்" என்றார் தாய். பதினான்கு மணி நேரத்துக்கும் மேல். தண்ணீர்கூடவா எடுத்துப் போகவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் பையிலிருந்து மூடி திறக்காத ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "எடுத்துட்டுத்தான் போனேன். நான்தான் குடுக்கல. பொம்பளப் புள்ள, ஒன்னுக்கு வந்தா அந்தக் கூட்டத்துல எங்க கூட்டிட்டுப் போவேன்?"

அதற்குப் பிறகு நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கூட்டத்துக்குப் போகும் பெண்கள் பலர் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் கணக்கைத்தான் அவர் மகளுக்கும் போட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கு குழந்தையின் உடலுக்குப் பொருந்தாது. பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு, வெயிலில் நிற்காத சாதாரண நாளிலேயே ஏறத்தாழ ஒன்றே கால் லிட்டர் நீர் தேவை. எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது முக்கால் லிட்டர் நீர் உடலிலிருந்து குறைந்தாலே வறட்சியின் அறிகுறிகள் தெரியத் தொடங்கும். பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்கு எடையின் விகிதத்தில் தோலின் பரப்பு அதிகம், வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறனோ குறைவு. ஆகவே சுற்றியுள்ள சூட்டை அவர்கள் வேகமாக வாங்கிக்கொள்கிறார்கள். தாகம் என்று கேட்கத் தெரியாத வயதில் இருப்பவர்கள் சிணுங்குவார்கள், பிறகு துவண்டு தூங்குவார்கள். கூட்டத்தில் தூங்கும் குழந்தையைப் பார்த்து அப்பாடா என்று பெருமூச்சு விடுகிறோமே, அந்தத் தூக்கத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். எழுப்பினால் முகம் பார்க்காத, பெயர் சொல்லி அழைத்தால் ஒழுங்காகப் பதில் சொல்லாத தூக்கம் தூக்கமல்ல.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, சென்னை மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் பல லட்சம் பேர் கூடிய நாளில் ஐந்து பேர் இறந்தார்கள். அது அரசியல் கூட்டமல்ல; நிகழ்ச்சியும் சொன்ன நேரத்தில்தான் நடந்தது. நண்பகல் வெயிலும், தண்ணீர் கிடைக்காத நெரிசலும், வெளியேற வழியில்லாத சாலைகளுமே அன்றைய பேச்சாக இருந்தன. அரசியல் கூட்டத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: தலைவர் எப்போது வருவார் என்பது எவருக்கும் தெரியாது.

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை. காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியிருந்தது. கரூர் வேலுச்சாமிபுரத்தில் தமிழக வெற்றிக் கழகத்தின் பரப்புரைக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்துப் பேர் குழந்தைகள். பத்தாயிரம் பேர் வருவார்கள் என்று அமைப்பாளர்கள் எதிர்பார்த்ததாகவும், 27 ஆயிரம் பேர் வரை திரண்டதாகவும் காவல்துறை அப்போது சொன்னது. யார் பொறுப்பு என்பதை, உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரில் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்த விசாரணை சொல்லட்டும். என் கண்ணில் நிற்பது வேறொன்று. நண்பகலில் எதிர்பார்க்கப்பட்ட தலைவர் வந்து சேர்ந்தபோது இரவு ஏழு மணி ஆகியிருந்தது. நெரிசல் தொடங்குவதற்கு முன்பே அந்தக் குழந்தைகள் ஓர் அரை நாளை நின்றுகொண்டும் பெரியவர்களின் இடுப்பில் உட்கார்ந்தும் கழித்திருக்கக்கூடும். சோர்ந்த குழந்தையால் பிடித்த கையை இறுக்கிப் பிடிக்க முடியாது. சோர்ந்த தாயாலும் முடியாது.

நான்கு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் ஒரு மீட்டர், மூன்றடிக்குச் சற்று மேல். பெரியவர்களின் முகம் காற்றில் இருக்கும்போது குழந்தையின் முகம் இடுப்புகளுக்கும் கைப்பைகளுக்கும் நடுவே இருக்கிறது. சலைன் ஏறி, தெளிந்து, மறுநாள் காலையில் இட்லி கேட்ட அந்தச் சிறுமியிடம், கூட்டத்தில் யாரைப் பார்த்தாய் என்று விளையாட்டாகக் கேட்டேன். "காலு" என்றாள்.

நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலோர் நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி இறக்கிறார்கள் என்பதே மருத்துவம் அறிந்த உண்மை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஐந்து பேருக்கு மேல் அடைந்துவிட்டால் எவருக்கும் தன் காலடி தன் வசம் இராது; கூட்டம் தண்ணீரைப் போல அலை அலையாகத் தள்ளும். நான்கு பக்கமும் அழுத்தம் வரும்போது நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. குழந்தையின் விலா எலும்புகள் இளகியவை. அழுத்தினால் வளைந்து கொடுக்கும். சிறு குழந்தைகள் மூச்சுக்குப் பெரிதும் உதரவிதானத்தையே, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையையே, நம்பியிருக்கிறார்கள் என்பதால், வயிற்றில் விழும் அழுத்தமே அவர்களை முடக்கப் போதுமானது. மூளை நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் பிராணவாயு இல்லாமல் தாங்காது. விலா முறியாமலேயே உள்ளே நுரையீரல் நசுங்கியிருக்கலாம். ஆகவே நெரிசலில் சிக்கி மீண்ட குழந்தை சிராய்ப்பின்றி எழுந்து நடந்தாலும், முகம் நீலம் பாரித்திருந்தாலோ, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூச்சு வேகமாக இருந்தாலோ 108-ஐ அழையுங்கள். வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள்.

தோளில் உட்கார வைத்தால் நன்றாகத் தெரியும் என்பது அப்பாக்களின் ஆசை. நடமாட இடமிருக்கும் திருவிழாவில் அது சரி. தள்ளுமுள்ளு தொடங்கும் கூட்டத்தில், குழந்தையின் காலைப் பிடித்திருக்கும் இரு கைகளும் தன்னைத் தாங்கிக்கொள்ளப் பயன்படுவதில்லை. அப்பா தடுமாறினால் ஐந்தரை அடி உயரத்திலிருந்து குழந்தை தலைகுப்புற விழும். குழந்தையை முகம் உங்கள் பக்கம் பார்க்குமாறு நெஞ்சுக்கு முன்னே பிடித்து, முழங்கைகளை வெளிப்பக்கமாக விரித்து, அதன் நெஞ்சுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் இடையே ஒரு சாண் இடம் வைத்துக்கொள்ளுங்கள். அலை தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல், அது ஓயும் நொடியில் சாய்வாகப் பக்கவாட்டில் விளிம்பை நோக்கி நகருங்கள். நசுக்கும் அளவுக்கு இறுகிவிட்டால் மட்டும் குழந்தையைத் தோள்களுக்கு மேல் தூக்கி, திண்ணையிலோ வண்டியிலோ நிற்பவரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த நிலைக்கு வந்தபின் எந்த உத்தியும் உறுதியானதல்ல என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னே, பறையும் வெடியும் சேர்ந்த இடத்தில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கிறேன். நூறு டெசிபல் அளவுள்ள ஒலியில் கால் மணி நேரத்துக்கு மேல் இருப்பது பெரியவர்களின் காதுக்கே கேடு. பெட்டியிலிருந்து தள்ளி நிற்பதற்குச் செலவேதுமில்லை. காலையில் கட்டிய பொட்டலச் சாப்பாட்டை மாலை மூன்று மணிக்கு மேல் குழந்தைக்குக் கொடுப்பதும் வேண்டாம். திங்கட்கிழமை காலை வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களில் சிலர் அதனால்தான் வருகிறார்கள்.

தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரி 5 அன்று, பரப்புரையில் குழந்தைகளை எந்த வடிவிலும் பயன்படுத்தக் கூடாது என்று கட்சிகளுக்கு உத்தரவிட்டது. கையில் ஏந்துவது, வாகனத்தில் ஏற்றுவது, முழக்கம் போட வைப்பது, துண்டறிக்கை கொடுக்கச் செய்வது எல்லாம் அதில் அடங்கும். ஆனால் பரப்புரையில் ஈடுபடுத்தாமல், பெற்றோருடன் வந்து தலைவருக்கு அருகில் ஒரு குழந்தை இருப்பதை மட்டும் வைத்து அதை விதிமீறலாகக் கொள்ள முடியாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. அதாவது கூட்டிப் போவதா வேண்டாமா என்ற முடிவு நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைக் கூட்டிப் போகவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பாட்டியும் அதே வேனில் வருகிறார், வராவிட்டால் தெருவில் பேச்சு வரும் என்ற நிலையை நான் அறியாதவள் அல்ல. தவிர்க்க முடியாமல் போகிறவர்கள், தலைவர் வந்தாலும் வராவிட்டாலும் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வேன் காத்திருக்காது என்றால் பேருந்துக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்கும், தலைவரின் வண்டி வரும் பாதைக்கும் அருகில் நிற்க வேண்டாம். அந்த வண்டி நகரும்போது கூட்டமும் சேர்ந்து நகரும். கிளம்பும் முன் அன்றைய உடையிலேயே குழந்தையை ஒரு படம் எடுத்து, முழங்கையின் உட்பக்கத்தில் பேனாவால் உங்கள் செல்பேசி எண்ணை எழுதிவிடுங்கள். தொலைந்துவிட்டால் 112 அல்லது 1098.

தண்ணீரை மணிக்கொரு முறை, தாகம் கேட்கும் முன்பே, சில மடக்குகள் கொடுங்கள். கழிப்பறை இல்லாத இடத்துக்கு, நான்கு வயதானாலும் ஒரு டயப்பர் போட்டுக் கூட்டிப் போவதில் வெட்கமில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் எழுதியுள்ள அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். அதே போலத் தோன்றும் அட்டைப்பெட்டிப் பழச்சாறுகள் அதற்கு ஈடல்ல. உடல் அனலாய்ச் சுட்டுக் குழந்தை பிதற்றினால் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பயனில்லை. ஆடையைக் களைந்து, நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சில மாதங்கள் கழித்து அந்தத் தாய் மகளுக்குச் சளி என்று வந்திருந்தார். மறுவாரம் பக்கத்து ஊரில் இன்னொரு கூட்டம் என்றார். இந்த முறை அவர் மட்டும் போவதாகவும், எதிர்வீட்டுப் பெரியம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். "ஆனா வேன்ல இடம் போட்டுட்டாங்க மேடம், அவளுக்கும் சேர்த்து" என்று சொல்லிவிட்டு, பணம் திரும்பக் கிடைக்குமா என்று என்னிடம் கேட்பது போலவே கேட்டார்.