முகம் கழுவியதும் தோல் ஏன் இழுக்கிறது?

திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “சோப்புப் போட்டு முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் முழுக்கப் போய்விட்டன என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் அது தப்பு என்கிறாள். அவள் மேசையிலோ டோனர், சீரம் என்று வரிசையாகப் பாட்டில்கள். தினமும் முகத்துக்கு உண்மையில் என்னதான் தேவை?”

மகள் சொல்வது சரி. தோலின் மேலடுக்கு தண்ணீரை இழந்து சுருங்குவதால் வருவதுதான் அந்த இழுப்பு. ஆனால் அத்தனை பாட்டில்களும் வேண்டியதில்லை. மென்மையாகக் கழுவுவது, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுவது, பகலில் சன்ஸ்கிரீன். பெரும்பாலானோருக்கு இவை போதும்.

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே நகர்ந்து, உட்கருவை இழந்து, தட்டையாகி, இறந்து, கடைசியில் உதிர்வதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். இறந்த செல்கள் அடுக்கடுக்காக நிற்கும் மேற்பகுதியின் பெயர் ஸ்ட்ராட்டம் கார்னியம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ் 1980-களில் இதைச் செங்கல் சுவராக விளக்கினார். செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையே நிரம்பியிருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. உடலின் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது பெரும்பாலும் இந்தச் சாந்துதான்.

சுவர் என்றதும் சும்மா நிற்கிற ஒன்றாகத் தோன்றும். ஆனால் அந்த இறந்த செல்களுக்குள் நடக்கும் ஒரு வேலை இருக்கிறதே, தோலைப் பற்றிப் படித்ததில் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்றும் இல்லை.

மேலே ஏறி வரும் செல், ஒரு பெரிய புரதத்தைச் சிறு துகள்களாகத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இறக்கும் தறுவாயில் அது ஃபிலாக்ரின் என்ற சிறிய புரதத் துண்டுகளாகப் பிரியும். இந்த ஃபிலாக்ரின், செல்லுக்குள் இருக்கும் கெரட்டின் என்ற உறுதியான புரத இழைகளை நெருக்கிக் கட்டி, செல்லைத் தட்டையாக்குகிறது. வேலை அதோடு முடிவதில்லை. செல் இன்னும் சற்று மேலே வந்ததும், நொதிகள் ஃபிலாக்ரினையே தனித்தனி அமினோ அமிலங்களாக உடைத்துவிடுகின்றன. அவற்றில் குளுட்டமின், பைரோலிடோன் கார்பாக்சிலிக் அமிலமாகிறது; தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வதில் இது கெட்டி. ஹிஸ்டிடின் யூரோகானிக் அமிலமாகிறது. அது புற ஊதாக் கதிரில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். உயிர் போன பிறகும் ஒரு செல் தன் புரதத்தையே உடைத்துத் தனக்கு வேண்டிய மாய்ஸ்சரைசரைத் தயாரித்துக்கொள்கிறது!

எப்போது உடைப்பது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அங்கே நரம்பும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை. இங்கிலாந்தில் யூனிலீவர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட், ஹார்டிங் இருவரும் 1986-ல் இதற்கு விடை சொன்னார்கள். தாயின் வயிற்றில் நீருக்குள் இருக்கும் எலிக்குட்டியின் தோலில் ஃபிலாக்ரின் உடையாமல் கிடக்கிறது. குட்டி பிறந்து காற்றுப் பட்டதும் உடைய ஆரம்பிக்கிறது. பிறந்த குட்டியை முழுக்க ஈரம் நிறைந்த காற்றிலேயே வைத்தால் உடைவதில்லை. ஆக, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதமே அந்த நொதிகளுக்குச் சமிக்ஞை. மேலடுக்கு லேசாகக் காயத் தொடங்கும்போதுதான் நீர் பிடிக்கும் சரக்கு தயாராகிறது.

இது சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பது 2006-ல் தெரியவந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் குழுவினர், ஃபிலாக்ரின் மரபணுவில் உள்ள பிழைகள் தோல் செதில் செதிலாக வறளும் இக்தியோசிஸ் நோய்க்குக் காரணம் என்றும், தோல் சிவந்து அரிக்கும் எக்ஸிமா வரும் வாய்ப்பையும் அவை கூட்டுகின்றன என்றும் கண்டார்கள். எக்ஸிமாவை ஒவ்வாமையாக மட்டுமே பார்த்துவந்த மருத்துவ உலகம், அதன் பிறகு தோலின் மேலடுக்கையும் கவனிக்கத் தொடங்கியது.

சரி, சோப்புக்கு வருவோம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு அமிலத் தன்மை கொண்டது, அதன் பி.எச். ஏறக்குறைய 5 (இந்த எண் 7-க்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே இருந்தால் காரம்). ஷாடே, மார்கியோனினி என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 1928-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். செராமைடு தயாரிக்கும் நொதிகள் இந்த அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களை வெட்டி உதிரவைக்கும் நொதிகளோ அமிலம் குறையக் குறையச் சுறுசுறுப்பாகும். வழக்கமான சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் வெட்டு கூடுகிறது, சாந்து தயாரிப்பு குறைகிறது. இருக்கிற கொழுப்பில் கொஞ்சமும், நீரில் கரையக்கூடிய அந்த அமினோ அமிலங்களும் தண்ணீரோடு போய்விடுகின்றன. தோல் சில மணி நேரத்தில் தன் அமிலத்தை மீட்டுக்கொள்ளும். ஆனால் நாளுக்கு நாலைந்து முறை கழுவினால் மீள நேரம் ஏது? சோப்பு உறையில் டி.எஃப்.எம். 76-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் அது கொழுப்புப் பொருளின் அளவை மட்டுமே சொல்லும், காரத்தன்மையைச் சொல்லாது.

அதனால் முகத்துக்கு நறுமணம் குறைந்த, பி.எச். 5.5 என்று குறிப்பிட்ட கிளென்சர் நல்லது. காலையும் இரவும் போதும். வறண்ட தோல்காரர்கள் காலையில் வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும். சுடுதண்ணீர் வேண்டாம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து தோலில் படியும், அப்படிப்பட்ட ஊர்களில் சோப்பு இன்னும் எரிச்சல் தரும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அதன் பி.எச். 2-ஐ ஒட்டியது, அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறுப்பதும் உண்டு.

கழுவியதும் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். கிளிசரின் தண்ணீரைப் பிடிக்கும், பெட்ரோலியம் ஜெல்லி ஆவியாகாமல் மூடும், செராமைடு சாந்துக்குக் கைகொடுக்கும். விலைக்கும் வேலைக்கும் இங்கே பெரிய தொடர்பு இல்லை. கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசலாம். வறண்ட தோலுக்கு அது மினரல் ஆயில் அளவுக்கு வேலை செய்வதாக 2004-ல் வெளியான ஒரு பிலிப்பைன்ஸ் ஆய்வு காட்டியது. பரு வரும் முகத்தில் மட்டும் வேண்டாம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 34 பேர்தான். வீட்டுக்கு வீடு இருக்கும் ஓர் எண்ணெயை, நம் வெயிலில், நம் புழுக்கத்தில், நம் தோலில் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விற்பவர்களே ஆய்வையும் செய்யும்போது, விற்க முடியாத கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன.

சன்ஸ்கிரீன் வெள்ளைக்காரர்களுக்குத்தான் என்ற பேச்சு இங்கே உண்டு. மாநிறத் தோல் சட்டென்று வெந்துபோகாது, உண்மை. ஆனால் மங்கும், பரு போன இடத்துக் கருந்தழும்பும் நமக்குத்தான் அதிகம். இரண்டையும் வெயில் ஆழமாக்கும். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் நான்கரை ஆண்டு நடந்த சோதனையில், தினமும் பூசியவர்களின் தோல், விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களுடையதைவிட 24 சதவீதம் குறைவாக மூப்படைந்தது. வெயிலைத் தடுக்கும் அளவைச் சொல்லும் எஸ்.பி.எஃப். எண் 30 இருந்தால் போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுங்கள். அதைவிடக் குறைத்தால் உறையில் போட்ட எண் கிடைக்காது. மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசாக நிறமேற்றிய வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரு பகுதியை அது தடுக்கும்.

மகளிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள் அம்மா. மேசையில் நிற்பவற்றில் சிவப்பழகு க்ரீம் ஏதாவது இருக்கிறதா? மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய ட்யூப் இருக்கிறதா? இருந்தால் கலவையை வாசியுங்கள். குளோபிட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் அரசு பட்டியலிட்ட பிறகும் பல கடைகளில் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் முடியும் கிளம்பும். பல வாரமாகப் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும். அதனால் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் விதத்தில் நிறுத்த வேண்டும்.